பாதிப் பாட்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று சிலர் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அப்படியும் போகாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் நான்கு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த ஆளாக்கும். நியாயம் முழுக்க என் பக்கம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

அண்ணன் என்று நான் சொல்வது கூடப் பிறந்தவரை இல்லை. பாடுகிறவர். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். என்னைவிட எட்டு வயது மூப்பு. தக்கலையில் இறங்கி உள்ளே போனால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அவர் வீடு. இளவயதில் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அறையில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் அவருக்குக் கித்தார் சொல்லிக்கொடுத்தான். அவனிடம் இருந்த கேசட் எல்லாம் அமெரிக்க நாட்டுப்புறத்துப் பாட்டு. குதிரை, லாரி, ரயில், விட்டுவிட்டுப் போன பெண்டாட்டி. அண்ணன் ஊருக்கு வந்து அதே சாயலில் நம்ம பேச்சில் பாட்டுக் கட்டினார். குதிரைக்குப் பதில் ரப்பர் மரம், ரயிலுக்குப் பதில் குலசேகரம் பஸ். பெண்டாட்டிதான் விட்டுவிட்டுப் போகவில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்று அண்ணன் மனைவி, என் மைனியே கேலி செய்வாள். ஊரில் அவருக்குப் பட்டப்பேர் கௌபாய்.

எனக்குப் பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே மோட்டார் ரீவைண்டிங் கடை. கித்தாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பி மேல் வழுக்கி வாசிக்கிற பழக்கம் எனக்கு அவர் வழியாக வந்தது. அந்த இரும்பு ஓர் எரிந்துபோன மோட்டாரின் ஷாஃப்ட் துண்டு. இருபத்தாறு வருடமாக என் சட்டைப்பையில் கிடக்கிறது. அவர் பாடுவார், கித்தாரில் தாளம் தட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இழுப்பேன். கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, படிப்பகத்து ஆண்டுவிழா, எங்கே கூப்பிட்டாலும் நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணனுக்கு ஒரு கர்வம் இருந்தது. அடுத்தவனுடைய மெட்டை வாழ்நாளில் தொட்டதில்லை என்பது. கடியப்பட்டணத்தில் ஒரு கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு ஒன்று பாடச் சொன்னார்கள். "அடுத்தவனுக்க பாட்டு நான் பாடமாட்டேன். பாயசம் வேணும்னா குடிக்கேன்" என்று மைக்கைக் கீழே வைத்துவிட்டார். கடற்கரைக்காரர்கள் விடுவார்களா? கூவிக் கூவியே அவரை மறுபடியும் மேடையேற்றி, அவருடைய பாட்டையே மூன்று முறை பாட வைத்தார்கள். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்க அப்படியொரு பிரமிப்பு. கல்யாண வீட்டில் வந்து நின்று இப்படிச் சொல்ல எவ்வளவு திமிர் வேண்டும்!

மூன்று முறை பாடியது மழைப் பாட்டு. அதுதான் அவருக்குப் பேர் வாங்கித்தந்த பாட்டு. மழை பெய்தால் ரப்பரில் பால்வெட்டு கிடையாது. வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிற பால்வெட்டுக்காரன் ஒருவன் பாடுவதாக வரும்.

"மழ தோந்தா வாறேன்னு சொல்லிட்டு
மழையோட போனியே மக்கா."

மழை விட்டால் வருகிறேன் என்றவள் மழையோடேயே போய்விட்டாள். அவ்வளவுதான் பாட்டு. வார்த்தையில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. மெட்டுதான் ஆளைப் பிடித்து உட்கார வைக்கும். நடுவில் தொடங்கும், நடுவிலேயே சுற்றும், முடிகிற இடத்திலும் முடியாது. வீட்டு வாசல் வரைக்கும் வந்து, உள்ளே ஏறாமல் நின்றுகொண்டிருக்கிற ஆள் மாதிரி நிற்கும். எங்கிருந்து பிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால் அண்ணன் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். "எங்கயிருந்தும் பிடிக்கல்ல. இதுக்குள்ள கிடந்ததாக்கும்."

அதை முதலில் பதிவு செய்த நாள் எனக்கு நல்ல ஓர்மை. நாகர்கோவிலில் ஒரு சின்ன ஸ்டுடியோ. 'மழையோட' என்ற வார்த்தையில் அவர் குரல் ஒரே இடத்தில் நீண்டு நிற்கும். அந்த நீட்டலுக்கு மேலே நான் எதையாவது வாசிக்க வேண்டும். வாசித்தேன். இல்லை என்றார். வேறு வாசித்தேன். அதுவும் இல்லை. "அங்க என்னமோ இருக்கு மக்கா. எனக்குக் கேக்குது. ஆனா என்னான்னு சொல்லத் தெரியல்ல." ஒரு மத்தியானம் முழுக்க என்னைப் போட்டு உருட்டினார். கடைசியில் எரிச்சலில் எதையோ இழுத்தேன், ஆறே ஆறு சுரம். மேலே போய்த் திரும்பிக் கீழே இறங்கும். அண்ணன் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். "இதாக்கும்! இத மட்டும் விட்டுராத லேய்!" விடவில்லை. அன்றிலிருந்து அந்த ஆறு சுரத்தை ஒரு துளி மாற்றாமல் வாசித்து வந்தேன். அது என் சொத்து என்று எனக்கு ஒரு நினைப்பு.

போன வருடம் அண்ணனுடைய அம்மை இறந்துபோனாள். நல்ல வயதுதான். காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தோடு அண்ணன் என் கடைக்கு வந்தார். அம்மையின் தகரப்பெட்டியில், ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுக்கு அடியில் இருந்ததாம். திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து. டி, ஆர், எம், எஸ் என்று ஒற்றை ஒற்றை எழுத்துகள். நடுவே புள்ளி, கோடு, மறுபடி புள்ளி. ஒரு மண்ணும் புரியவில்லை.

"லேஸ் பின்னுன கணக்கா இருக்கும்" என்றேன். மிஷன் காலத்தில் இருந்து அவர்கள் வீட்டுப் பெண்கள் லேஸ் பின்னுகிறவர்கள். நாங்கள் அய்யாவழிக்காரர்கள், சர்ச் சமாச்சாரம் எனக்கு எப்படித் தெரியும்? அண்ணனும் பதினெட்டு வயதில் சபைக்காரர்களோடு சண்டை போட்டுவிட்டு, கிறிஸ்மசுக்கு மட்டும் தலை காட்டுகிற ஆள். "டீச்சரிட்ட காட்டுவோம். அம்மைக்க கூட்டுக்காரியில்லா" என்றார். என் ஸ்கூட்டரில் போனோம்.

டீச்சர் அம்மையின் சோட்டுக்காரி, ஒரே வயது. பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றே கால் நூற்றாண்டு ஆகியிருக்கும். நாக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "வாடே கௌபாய். குதிரைய வெளியிலயே கெட்டிட்டியா?" என்றுதான் வரவேற்றாள். நோட்டைக் கையில் வாங்கியதும் கேலி நின்றுபோயிற்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "இது சோல்ஃபா. பாட்டு எழுதுத எழுத்து. எங்க கொயர்ல எல்லாருக்கும் தெரியும்" என்றாள். விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, மெல்ல, "மீ, மீ, ஃபா, மீ" என்று பாடத் தொடங்கினாள்.

இரண்டாவது வரிக்கு வந்தபோது எனக்குப் பிடிபட்டுவிட்டது. மழைப் பாட்டு. தாளம் வேறு, நடை வேறு. ஆனால் அதே மெட்டு. அதே வாசல் வரைக்கும் வந்து அதே இடத்தில் நின்றது.

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"டீச்சர், இது எனக்க பாட்டாக்கும்" என்றார் அண்ணன்.

"உனக்க பாட்டா? நீ கைப்பிள்ளையா இருக்கும்போ எங்க பாட்டு வாத்தியார் கிறிஸ்மசுக்குக் கெட்டின பாட்டு இது. ஒரே ஒரு தடவ பாடினோம். அடுத்த வருசத்துக்கு வேற பாட்டு." அப்புறம் டீச்சர் நோட்டை மூடிக்கொண்டு சொன்னாள். "பின்ன, இத பாட்டுன்னும் சொல்ல முடியாது பாத்துக்க. இது ரெண்டாங்குரல். பாட்டு எனக்க நோட்டுலயில்லா இருந்துது."

அவர்கள் கொயரின் வழக்கத்தை அன்றைக்குத்தான் அறிந்தேன். பாட்டு வாத்தியார் கரும்பலகையில் நான்கு குரலையும் எழுதிப்போடுவார். அவரவர் குரலை மட்டும் அவரவர் நோட்டில், அவரவர் கையால் எடுத்து எழுத வேண்டும். அடுத்த குரலை எழுதக்கூடாது. எழுதினால் கண் அங்கே போகும், குரலும் பின்னாலேயே போகும் என்பது வாத்தியாரின் கண்டிப்பு. முதற்குரல்காரிகளிடம் பாட்டு இருக்கும். இரண்டாம் குரல்காரிகளிடம் அதற்கு அடியில் போகிற வழி இருக்கும். அம்மை இரண்டாம் குரல். வீட்டில் அரிசி பொறுக்கும்போதும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் தன் குரலைத்தான் பாடிப் பழகுவாள். கைப்பிள்ளைக்கு என்ன தெரியும்? அதுதான் பாட்டு என்று காதில் வாங்கிக்கொண்டது.

"உனக்க பாட்ட கேட்டப்போ அம்மை ஒண்ணும் சொல்லல்லியா?" என்று டீச்சர் கேட்டாள்.

அண்ணன் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நல்லா இருக்கு மக்கா, அறிஞ்ச பாட்டு மாதிரி இருக்குன்னு சொல்லுவா. நான் அத ஒரு சர்ட்டிபிகேட்டா எடுத்துக்கிட்டேன்."

அதோடு அவர் பாட்டை நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரி விழா ஒப்புக்கொண்டிருந்தோம். போனைப் போட்டு வரமுடியாது என்று சொல்லிவிட்டார். "நான் கள்ளனாக்கும் மக்கா. அடுத்தவனுக்க மெட்ட தொடமாட்டேன்னு மேடையில நின்னு சொல்லுவேன், எனக்க கையில இருந்ததே திருட்டுச் சாமான்." நான் சமாதானம் சொன்னேன். கைப்பிள்ளை திருடுமா என்று கேட்டேன். அவர் காதில் ஏறவில்லை. கித்தாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். அடுத்து வந்த விழாக்களும் போயின. அப்போதுதான் எனக்குக் கோபம் ஏறியது. அந்தப் பாட்டில் இருபத்தாறு வருடம் நானும்தானே இருந்தேன்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அவர் நிறுத்தினால் என் கித்தாரை நான் எந்தக் கிணற்றில் கொண்டு போடுவது? போன் பண்ணுவதை விட்டேன். அவரும் பண்ணவில்லை.

நான்கு மாதம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு வீம்பு. என் கித்தாரும் ஆம்ப்ளிஃபையரும் அவர் வீட்டில் கிடக்கின்றன. எடுத்து வந்துவிட வேண்டும், அதோடு எல்லாம் முடிந்தது. போனேன். அண்ணன் இல்லை. மைனி மட்டும் இருந்தாள். "உங்க அண்ணன் தெனமும் மத்தியானம் டீச்சர் வீட்டுல. சோல்ஃபா படிக்காராம். அறுபத்தொண்ணு வயசுல ஒண்ணாங்கிளாஸ்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண்ணில் கவலை இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் பேச நேரமில்லாத ஆள் அங்கே உட்கார்ந்து பாட்டுப் படிக்கிறாரா? இரண்டு சாமானையும் ஸ்கூட்டரில் ஏற்றி, நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டே வீட்டுக்குப் போவது என்று டீச்சர் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கேட்டைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. இரண்டு குரல்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் தரையில் சம்மணமிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அம்மையின் குரலைப் பாடிக்கொண்டிருந்தார். மேடையில் தொண்டையைத் திறந்து முழங்குகிற ஆள், தன் குரலை அடக்கி, டீச்சரின் மெலிந்த குரலுக்கு அடியில் வைத்திருந்தார். அவர் கீழே ஒரு அடி எடுத்து வைக்க, மேலே அவள் ஒரு அடி. அவர் நின்றால் அவள் தடவுவாள். அவர் மறுபடி தொடங்கினால் அவளுக்கும் வழி கிடைக்கும். டீச்சருடைய நோட்டைச் செதல் தின்று வருடம் எத்தனையோ ஆயிற்றாம். தனியாகப் பாடச் சொன்னால் அவளுக்கு ஒரு வரி வராது. ஆனால் அடியில் இரண்டாம் குரல் போனால், பழைய பழக்கத்தில் மேலே அவளுடையது தானாக வருகிறது. நான்கு மாதமாக அவர் பாடிப் பாடி, அவள் வாயில் இருந்து அந்தப் பாட்டை ஒவ்வொரு அடியாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கேட்க வந்த நான்கு வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆயிரம் பேர் கை தட்டின ஆளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அப்போதெல்லாம் அவர் பெரிய ஆள் என்று நினைத்தது உண்டு. அந்தத் தரையில் உட்கார்ந்து அவர் அடியில் பாடினதைப் பார்த்தபோதுதான் என் மனசு கையெடுத்துக் கும்பிட்டது.

ஒரு இடம் வந்ததும் டீச்சர் நின்றுவிட்டாள். "போச்சு. இந்த எடம் மட்டும் வரமாட்டேங்குது சவம்." அண்ணன் திரும்பப் பாடினார். அதே இடத்தில் அவள் மறுபடி நின்றாள். "உனக்க அம்மைக்கு இந்த எடத்துல ஒரே நீட்டல்லா? அவ நீட்டிட்டு நிப்பா, நான் எங்கயோ போயிட்டு வருவேன். எங்க போனேன்னு ஓர்மையில்ல. ஒரு மாசமா முட்டிட்டு நிக்கோம். நான் செத்துட்டேன்னா அந்த எடம் போனது போனதுதான்."

எனக்கு அந்த நீட்டல் தெரியும். 'மழையோட.' அது என் இடமாக்கும்.

நான் உள்ளே போய், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், நடையிலேயே உட்கார்ந்து கித்தாரை மடியில் கிடத்தினேன். ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஸ்கூட்டரிலேயே இருந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாடுங்க" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னேன், கோபம் முழுக்க இறங்கியிருக்கவில்லை. அவர் பாடினார், நீட்டி நின்றார். சட்டைப்பையில் இருந்து இரும்பை எடுத்து என் ஆறு சுரத்தை இழுத்தேன்.

டீச்சருடைய கை அந்தரத்தில் நின்றது. "நில்லு. இன்னொருக்கா."

இன்னொருக்கா இழுத்தேன். மூன்றாவது முறை அவளும் என்னோடு சேர்ந்து பாடினாள். கிறிஸ்மஸ் பாட்டின் வார்த்தை அந்த ஆறு சுரத்திலும் எழுத்துக்கு எழுத்து உட்கார்ந்தது. அவள் நிறுத்தவில்லை. அப்படியே தாண்டிப் போனாள், அண்ணன் அடியில் போனார், மேலே ஏறி, திரும்பி, கடைசி வரியில் இருபத்தாறு வருடம் வாசலிலேயே நின்ற அந்தப் பாட்டு உள்ளே வந்து உட்கார்ந்தது. அம்மாடி! ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவு காலம் இருந்துவிட்டு, அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அண்ணன் அழுதார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? டீச்சர் மட்டும் அழவில்லை. "ஏலே, நீ எங்க சர்ச் வாசல மிதிச்சதே இல்லியே. உனக்கு யாருடே சொல்லித் தந்தா?" என்று என்னை அதட்டினாள்.

"யாரும் சொல்லித் தரல்ல டீச்சர். நான் பத்து நாப்பது விதமா வாசிச்சேன். அண்ணன்தான் இதாக்கும்னு சொன்னாரு."

டீச்சர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்க பாடின அன்னைக்கு சர்ச்சுல நீ அம்மைக்க மடியில இருந்துதான் கத்திட்டுக் கிடந்த. வாத்தியார் மொறச்சாரு. முதற்குரல் ஏறும்போ மட்டும் வாய மூடிட்டுப் பாத்துட்டு இருந்த."

கைப்பிள்ளையில் ஒரே ஒரு தடவை காதில் விழுந்த முதற்குரல். மண்டைக்குள் கிடந்தது என்று அவர் நெற்றியைத் தட்டிக் காட்டியதெல்லாம் சத்தியமான வார்த்தைதான் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு அண்ணன் பழைய மாதிரி பாடவில்லை. தனியாகப் பாடுவதே கிடையாது. சபையில் இருந்து மூன்று பெண்கள், தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவர், கட்டைக் குரலுக்கு ஆள் கிடைக்காமல் நான். புதிது புதிதாகக் கட்டுகிறார், எல்லாம் நான்கு குரலுக்கு. ரப்பரும் பஸ்ஸும் அதிலும் உண்டு. கௌபாய்க்கு என்ன வந்தது, கித்தாரை எடுங்க அண்ணே என்று முன்வரிசையில் இருந்து கூப்பாடு போடுகிறார்கள். இவர் அந்தப் பெண்களுக்கு நடுவில், இரண்டாம் குரல் நிற்கிற இடத்தில் நின்று, அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். மழைப் பாட்டும் பாடுகிறோம், ஒரு கித்தார் மட்டும் வைத்து, அந்த ஆறு சுரத்துக்காக.

முதல் தடவை பாடப் போவதற்கு முந்தின நாள் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினாள். அம்மையின் நோட்டில், அம்மையின் வரிகளுக்கு மேலே இருந்த இடைவெளியில், நடுங்குகிற கையெழுத்தில் முதற்குரலை எழுதி வைத்திருந்தாள். வாத்தியார் உயிரோடு இருந்தால் ஒரே பக்கத்தில் இரண்டு குரல் எழுத விட்டிருக்க மாட்டார் என்று அவளே சொன்னாள். அந்த ஆறு சுரம் வருகிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினாள். "உனக்க குரல நீதான் எழுதணும். வழக்கம்."

அவள் எழுத்தைச் சொல்லச் சொல்ல ஆறையும் எழுதினேன். மோட்டார் கம்பி சுற்றுகிற கைதான், ஆனாலும் அந்த ஆறு எழுத்துக்கு வியர்த்துவிட்டது. எழுதி முடித்துப் பேனாவை அண்ணனிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. நோட்டில் அம்மையின் வரியை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். "எனக்குள்ளத அம்மை எழுதி வச்சாச்சே மக்கா."